ஓசி பஸ்ஸில் ஒரு சுற்றுலா

ஆயுத பூஜையை ஒட்டி நான்கு நாள் விடுமுறை சேர்ந்தாற்போல வந்தது. சென்னையில் இருக்கும் என் தங்கை போன் செய்து, "அக்கா, நான் உன் வூட்டுக்கு வர்றேன். ஆனா கார்ல வர மாட்டேன். நீயும் யார்கிட்டயும் கார் சொல்லி வைக்கக் கூடாது. நாலு நாளும் பஸ்ஸு, இல்லன்னா நடை" என்றாள்.

அவள் தினமும் போக வர மூன்று மணி நேரம் கார் ஓட்டி வேலைக்குப் போகிறவள். ஸ்டியரிங்கைப் பார்த்தாலே தோள்பட்டை வலிக்கிறது என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கார் ஓட்டவும் தெரியாது, வாங்கும் எண்ணமும் கிடையாது. கள்ளக்குறிச்சியில் ஒரு மருந்துக் கடையில் இருபது வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். வீட்டிலிருந்து கடைக்குப் பத்து நிமிட நடை. ஆகவே அவள் சொன்னது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மற்றவர்களுக்குத்தான் தெரிந்தது.

"கார் இல்லாம நாலு நாளு இன்னா பண்ணுவீங்க?" என்று எதிர் வீட்டு அம்மா கேட்டார். "பாவம், மெட்ராஸ்லேர்ந்து வர்ற பொண்ணு. பஸ்ல இஸ்துக்கினு அலையப் போறீங்களா?"

அன்றைக்கே எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. இந்த ஊரில் முக்கால்வாசிப் பேர் பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் பாவமா?

முதல் நாள் ஊருக்குள்ளேயே நடந்தோம். கச்சிராயபாளையம் சாலையில் கரும்பு ஏற்றிய டிராக்டருக்கும் சாக்கடை மூடிக்கும் நடுவில் ஒரு முழ இடம் இருந்தது. அதில் ஒருவர் பின் ஒருவராகப் போனோம். நான்குமுனைச் சந்திப்பைக் கடக்கக் கால் மணி நேரம் நின்றோம். ஒரு கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, "நடுரோட்டுல இன்னாம்மா வேடிக்கை?" என்று கேட்டுவிட்டுப் போனார். நாங்கள் நின்றது நடுரோடு இல்லை. அவர் ஏறி வந்ததுதான் ஓரம். இருந்தாலும் தங்கைக்கு அன்று சந்தோஷம். பூக்கடையில் அரளி மாலை கட்டுவதை அரை மணி நேரம் பார்த்தாள். சூடாகப் போண்டா தின்றாள். என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்கள் மருந்துச் சீட்டை நீட்டி வியாதி சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் தியாகதுருகம் போய் மலைக்கோட்டை ஏறினோம். மேலே போனபோது காற்று ஆளைத் தள்ளியது. கீழே நெல்லும் மக்காச்சோளமும் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. இறங்கி வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது ஒரு பெண் தன் மூட்டையை நகர்த்தி எங்களுக்கு நிழலில் இடம் கொடுத்தாள். "இவ்ளோ நாளா இதெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கமா பார்த்துக்கினு போயிருக்கேன் அக்கா" என்றாள் தங்கை.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கல்வராயன் மலைக்குப் போக முடிவு செய்தோம்.

காலை பஸ்ஸில் ஏறினோம். பெண்களுக்குக் கட்டணமில்லாத சாதாரண பஸ். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டிப் போய், மலை ஏறத் தொடங்கியதும் காது அடைத்தது. பஸ்ஸில் பாதிப் பேர் மலைக்காரர்கள். சந்தையில் வாங்கிய வெங்காயம், பிளாஸ்டிக் குடம், ஒரு டேபிள் ஃபேன் எல்லாம் எங்கள் காலடியில் இருந்தன. வழியில் சாலையோரமாகவே ஓர் அருவி விழுகிறது. அங்கே அந்நேரத்துக்கே பத்துப் பன்னிரண்டு கார்கள் நின்றன. பஸ் நெளிந்து நெளிந்து தாண்டியது. டிரைவர் பக்கக் கண்ணாடியை மடக்கிக்கொண்டு ஓட்டினார். பழகியிருப்பார்.

வெள்ளிமலையில் இறங்கி, இட்லி சாப்பிட்டு, மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே போகும் பாதையில் மதியம் வரை நடந்தோம். அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் அந்த நாளை நினைத்தால் எனக்கு நடை நினைவுக்கு வருவதில்லை, திரும்பி வந்த பஸ்தான் வருகிறது.

இரண்டு மணி பஸ்ஸில் எங்களுக்கு முன்சீட்டு கிடைத்தது. பஸ் கிளம்பும் நேரத்தில் ஒருவர் தன் மனைவியைத் தாங்கிக்கொண்டு வந்து ஏறினார். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். முகம் முழுக்க வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. கழுத்திலும் கையிலும் சிவந்த தடிப்புகள். நான் எழுந்து இடம் கொடுத்து என்ன ஆனது என்று கேட்டேன்.

"கதண்டு கொட்டிடிச்சிங்க" என்றார் கணவர். "கிழங்குக் கொல்லையில களை எடுத்துக்கினு இருந்திச்சி. மரத்துல கூடு இருந்தத யாரும் பாக்கல. இங்க ஆஸ்பத்திரியில ஊசி போட்டாங்க. ஜாஸ்தி கொட்டியிருக்கு, கீழ பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போயிடுங்கன்னாங்க. ஆம்புலன்ஸ் ஒரு பிரசவ கேஸுக்குப் போயிருக்கு. வர்றதுக்குள்ள பஸ்ஸே போயிடும்னு ஏறிட்டோம்."

கதண்டு என்றால் பெரிய மலைக்குளவி. கூட்டமாகக் கொட்டினால் ஆளைக் கொல்லும். ஊசியால் அடங்கிய வீக்கம் சில மணி நேரத்தில் திரும்பவும் வரலாம் என்பது எனக்குத் தெரியும். மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். போட வேண்டிய ஊசியைச் சரியாகப் போட்டிருந்தார்கள். இனி வேண்டியது நேரம் மட்டும்தான். அந்தப் பெண்ணின் நாடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அவ்வப்போது பேச்சுக் கொடுத்தேன். குரல் மாறுகிறதா என்று கேட்பதற்காகத்தான்.

அருவி வந்தது. பஸ் நின்றது.

காலையில் பத்தாக இருந்த கார்கள் இப்போது ஐம்பதாகியிருந்தன. சாலையின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றன. பம்பரில் வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்ட கார்கள். அதில் ஒரு வெள்ளைக் கார் மூக்கை ஓரத்தில் நுழைத்துவிட்டுப் பின்பாதியைச் சாலையிலேயே விட்டிருந்தது. பைக் போகலாம். பஸ் போக வழியே இல்லை.

டிரைவர் ஹாரன் அடித்தார். யாரும் வரவில்லை. கண்டக்டர் இறங்கிப் போய், அருவியைப் பார்த்துக் கை தட்டி, கார் நம்பரைச் சொல்லிக் கத்தினார். பத்து நிமிடம் போனது. அந்தப் பெண் "தொண்டை ஒரு மாதிரி அடைக்குதுக்கா" என்றாள். குரல் கரகரத்திருந்தது.

"நான் போறேன்" என்று தங்கை இறங்கினாள். திரும்பி வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது. காரின் சொந்தக்காரரைக் கண்டுபிடித்துவிட்டாள். பாறைமேல் துண்டு கட்டிக்கொண்டு குடும்பத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாராம். பஸ்ஸில் ஆபத்தான நிலையில் ஒரு பெண் இருக்கிறாள், காரை எடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள்.

"அவன் இன்னா சொன்னான் தெரியுமாக்கா? 'ஓசி பஸ்ல போறவங்களுக்கு இன்னாம்மா அப்டி அவசரம்? கொழந்தைங்க குளிச்சிக்கினு இருக்கு, பத்து நிமிஷம் இருங்க'ன்றான். உண்மையான்னு கூடக் கேக்கல அக்கா!"

அவள் சத்தமாகத்தான் சொன்னாள். பஸ் முழுக்கக் கேட்டது. யாரும் கோபப்பட்டுக் கத்தவில்லை. பின்சீட்டிலிருந்து ஒருவர் எழுந்து, தோளில் கிடந்த துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, "வாங்கப்பா" என்றார். அவ்வளவுதான். பஸ்ஸிலிருந்த ஆண்கள் அத்தனை பேரும் இறங்கினார்கள். நாலைந்து பெண்களும் இறங்கினார்கள். என் தங்கையும் போனாள். டிரைவர் சீட்டைவிட்டு அசையவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, நான் ரோட்டைப் பாத்துக்கினு இருக்கேன்" என்றார் என்னிடம்.

பதினைந்து பேர் அந்தக் காரின் பின்பக்கத்தைப் பிடித்தார்கள். "ஏலே... தூக்கு!" என்று ஒரு குரல். கார் அரையடி எழும்பி நகர்ந்தது. அலாரம் அலறியது. இன்னொரு தூக்கு. இன்னொன்று. காரின் பின்பாதி ஓரத்துப் புல்லில் போய் உட்கார்ந்தது. ஒரு கீறல் இல்லை. மாலை கூட உதிரவில்லை.

அலாரம் கேட்டுத்தான் அந்த மனிதர் வந்தார். ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் போனைத் தூக்கி வீடியோ எடுத்தபடி ஓடி வந்தார். "யாரு வண்டியில யார்றா கை வெக்கறது? ரவுடிப் பசங்களா! பஸ் நம்பர் இருக்கு, பாத்துக்கறேன்!"

நான் ஜன்னல் வழியாகக் கத்தினேன். வாழ்க்கையில் நடுத்தெருவில் நான் அப்படிக் கத்தியதே இல்லை. "இங்க வந்து இந்தம்மா மூஞ்சப் பாருங்க! அதையும் சேத்து எடுங்க வீடியோ!"

அவர் பார்க்கவில்லை. இறங்கியவர்கள் ஏறிக்கொண்டதும் பஸ் நகர்ந்துவிட்டது.

டிரைவர் அதன்பிறகு எந்த நிறுத்தத்திலும் நிற்கவில்லை. இறங்க வேண்டியவர்கள்கூட மணி அடிக்கச் சொல்லவில்லை. கண்டக்டர் போனில் பேசி, கச்சிராயபாளையத்துக்கு ஆம்புலன்ஸ் வரச் சொல்லியிருந்தார். அங்கே ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அந்தப் பெண்ணின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. ஆக்சிஜன் வைத்துக் கொண்டு போனார்கள். தங்கள் நிறுத்தத்தில் இறங்காமல் வந்த வழி ஊர்க்காரர்கள் நான்கைந்து பேர் எங்களோடு அங்கே இறங்கி, திரும்பிப் போகும் பஸ்ஸுக்காகக் காத்து நின்றார்கள். ஒருவர் முகத்திலும் சலிப்பு இல்லை.

மறுநாள் காலை என் கணவர் ஒரு வீடியோவைக் காட்டினார். ஊரில் எல்லார் போனிலும் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டமாகச் சிலர் ஒரு காரைத் தூக்கும் கடைசி நொடிகள், அலாரச் சத்தம், பிறகு பஸ்ஸின் பின்பக்க நம்பர். கீழே, "கல்வராயன் மலையில் சுற்றுலாப் பயணிகளுக்குப் பாதுகாப்பில்லை. குடும்பத்தோடு போகாதீர்கள்" என்று எழுதியிருந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் ஆமாம் போட்டிருந்தார்கள். மலைக்காரர்களே முரடர்கள்தான் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு எதிர் வீட்டு அம்மா வந்தார். "இதுக்குத்தான் சொன்னேன், சொந்தக் கார்ல போயிருந்தா இந்த வம்பெல்லாம் உண்டா?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. "கார்ல போயிருந்தா நாங்களும் அங்கதான் நிறுத்தியிருப்போம்" என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

டிரைவர் மீதும் கண்டக்டர் மீதும் புகார் போயிருந்தது. விளக்கம் கேட்டிருக்கிறார்கள் என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். தங்கை அன்று மாலைக்குள் சின்னசேலம் போய் ரயில் ஏற வேண்டியவள். "ரயிலு நாளைக்கும் வரும். மொதல்ல அத எழுதுவோம்" என்றாள். இருவரும் உட்கார்ந்து நடந்ததை மூன்று பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, மருந்துச் சீட்டில் நான் பார்த்த விவரங்களையும் குறிப்பிட்டு, பஸ் பணிமனைக்கு நடந்து போனோம்.

அங்கே இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, "நீங்க ரெண்டு பேரும் நல்ல வேலையில இருக்கீங்க. நீங்க எதுக்கும்மா அந்த பஸ்ல போனீங்க?" என்று கேட்டார்.

தங்கைதான் பதில் சொன்னாள். "ஊர் பாக்கப் போனோம் சார். பஸ்ஸு ஊர் பாக்கறதுக்கு இல்லியா?"

அவர் சிரித்துவிட்டார். கடிதத்தில் முத்திரை குத்தி எங்களுக்கு ஒரு நகல் கொடுத்தார். டிரைவர், கண்டக்டர் இருவருக்கும் எழுத்தில் ஓர் எச்சரிக்கையோடு விஷயம் முடிந்தது என்று இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தது. வேலை போகவில்லை. நிம்மதிதான். ஆனால் எதற்கு எச்சரிக்கை? ஒரு உயிரை மலையிலிருந்து கீழே கொண்டுவந்து சேர்த்ததற்கா? சாலையில் காரை நிறுத்திவிட்டுக் குளித்தவருக்கு எந்த எச்சரிக்கையும் போகவில்லை. அந்த வீடியோவும் இன்னும் அப்படியே இருக்கிறது.

அந்தப் பெண் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். சிறுநீரகம் பாதிக்கும் என்று பயந்தார்கள், பாதிக்கவில்லை. வீட்டுக்குப் போகும் நாளில் கணவரோடு என் கடைக்கு மாத்திரை வாங்க வந்தாள். வீக்கம் வடிந்த முகத்தை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அவள்தான், "பஸ்ல கையப் புட்ச்சிக்கினு வந்தீங்களே" என்றாள். நான் வெளியே வந்து அவளை ஸ்டூலில் உட்கார வைத்தேன். வீடியோவைப் பார்த்தாளா என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன். அவள் கணவரே சொன்னார்: "எங்க ஊர்ப் பசங்களுக்கு அதப் பாத்து ரொம்ப வருத்தங்க. எங்கள முரடன்னு போட்டிருக்காங்களாம். அந்தக் கார்ல ஒரு கீறு உண்டாங்க?"

இல்லை என்றேன். நானே பார்த்தேன் என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டு, குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். அருவிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னதாகவே கார்களை நிறுத்த வேண்டும், அங்கிருந்து நடந்து போகட்டும் என்று எழுதினேன். வரிசையில் என் பின்னால் நின்றவர் மனுவை எட்டிப் பார்த்து, "நடந்தா? யாரும்மா நடப்பாங்க?" என்றார். நான் அவர் பக்கம் திரும்பி, யார் யார் நடக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தேன். என் முறை வந்து கூப்பிடும்வரை நிறுத்தவில்லை.