தண்ணி ஓடுற பெட்டியும் சோளகக் காத்தும்

இண்டைக்கு விடியச் சோளகம் எழும்பிட்டு. மண்ணும் உப்பும் கலந்து கன்னத்தில அறையிற காத்து. நாங்க கடலோரக் கண்டக்குழி ஆக்கள், அது தொடங்கின அண்டைக்கே ஊட்டுச் சாமான் எல்லாத்தையும் முகத்தைச் செவரு பக்கம் திருப்பிப் போடுவம். கண்ணாடி அலுமாரி, தையல் மெசின், டீவி, ஒண்டும் தப்பாது. இல்லாட்டித் துரு ஆணி வரைக்கும் தின்னிரும். அப்படித் திருப்பிக்கிட்டு வந்த கை மூலை மேசையில போய் நிண்டிச்சி. அங்க திருப்ப ஒண்டுமில்ல. அந்த மேசையில நான் முந்தி ஒரு வேலை செஞ்சன்.

சொல்லுறன் கேளுங்க. என்ட மகள் பஸ்மிலாக்கு, ஊடு கட்ட முந்தி அது எப்படி இரிக்குமெண்டு கம்பியூட்டர்ல கீறிக் காட்டுற வேலை. ஒரு கல்லு வெச்சிரிக்க மாட்டாங்க, ஆனா ஜன்னல்ல வெயில் விழுறது வரைக்கும் படத்தில தெரியும். அல்லாஹ்வே, முதல்ல பாத்தப்ப இது யார்ட ஊடெண்டு கேட்டுட்டன்! கொழும்பு ஒப்பீஸ் ஒண்டுக்கு இங்க இருந்தே செஞ்சா. மருமகனுக்கும் கொழும்பிலதான் வேலை. பொண்டாட்டியும் புள்ளையும் பக்கத்தில இரிக்கோணுமெண்டு அவருக்கு. ஞாயந்தானே. ஆனா ஊட்டுக்காரர் மவுத்தான பொறகு எனக்கு இருந்தது இவளும் பேத்தியும்தான். கடைசியா மருமகன் ஒரு கதை சொன்னார்: "வேலை அங்க இருந்து ஒழுங்காப் போனா இருங்க. ஒரு தரம் பிந்தினாலும் மூட்டையக் கட்டிட்டு வாங்க."

பழைய கம்பியூட்டர்ப் பெட்டி சூடாகிச் சூடாகி நிக்கும். அதால புதுசுக்குச் சாமான் எடுப்பிச்சி, பாய விரிச்சி அவளே பூட்டினா. நான் பக்கத்தில மீன் அரிஞ்சிக்கிட்டு இருந்தன். பாத்தா ஒரு சாமான்ல கறுப்புக் குழாய் ரெண்டு தொங்குது, ஆட்டுக் கொடல் மாதிரி.

"இது என்ன புள்ள?"

"தண்ணிக் குழாய் உம்மா."

கையில இருந்த மீன் நழுவி விழுந்திட்டு. "கரண்டுப் பெட்டிக்குள்ளயா தண்ணி! எல்லாரையும் ஒரே நாள்ல அடக்க வெக்கப் போறியா?"

சிரிச்சா. தண்ணி வெளிய வராதாம். உள்ளுக்கு மூளை மாதிரி இரிக்கிற சாமான்ட சூட்ட வாங்கிக்கிட்டு வந்து, சல்லடை மாதிரித் தட்டையா ஒண்டுக்குள்ள ஓடும். அங்க காத்துப் பட்டு ஆறித் திரும்பப் போகும். பேரு ரேடியேட்டர். பேரக் கேட்டதும் பாதிப் பயம் போயிட்டு, மீன் லொறியிலயும் அதுதானே இரிக்கி.

அத எங்க பூட்டுறதெண்டுதான் போன்ல புருசன் பொண்டாட்டிக்குச் சண்டை. சூடு மேலதானே போகும், மேல வை எண்டார் மருமகன். "மேல வெச்சா உள்ளுக்குச் சுத்தின சூட்டுக் காத்துத்தான் அதுக்குக் கெடைக்கும். முன்னுக்கு வெச்சா வெளிக் காத்து நேரா வரும். கல்யாணத்துக்கு மட்டும்தான் நான் உங்கட சொல்லுக் கேட்டது" எண்டா இவள். முன்னுக்குத்தான் பூட்டினா. அதுட தலை, தண்ணி இழுக்கிற மோட்டர விட உசரத்தில இரிக்கோணுமாம். இல்லாட்டிக் காத்துக் குமிழி மோட்டருக்குள்ள போய் நிண்டு கரகரெண்டு கத்துமாம். பக்கத்து ஊரு எத்தாளையில, தோட்டத்துக் கிணத்து மோட்டரும் காத்துப் புடிச்சா அப்படித்தான் கத்தும்.

முன்னால போற காத்து மேலால இளஞ்சூடா வரும். நான் பேத்திட காலுறையக் கழுவி அதுல புடிச்சிக் காய வெப்பன்.

"உம்மா, அது அடுப்பில்ல!"

"சும்மா போற காத்துத்தானே புள்ள."

அடுத்த சோளகம் தொடங்கின அண்டைக்கு ஒரு பெரிய படம். பின்னேரம் அஸர் தொழுகைக்குள்ள அனுப்போணும். மூலை மேசையில பெட்டி தானாக் கீறிக்கிட்டு இருந்திச்சி. தொட வேணாமெண்டு சொல்லிட்டுத்தான் பேத்தியக் கூட்டிவரப் பள்ளிக்கூடம் போனா. நான் பாத்தன், முன்னால சல்லடையில மண்ணு. மனசு கேக்கல்ல. பிஸ்மி சொல்லி, மெதுவா, முகத்தைச் செவரோட ஒட்டித் திருப்பிட்டன். மேலால பூ வேலை செஞ்ச துணி ஒண்டையும் விரிச்சன். என்ன வடிவு!

அவ வந்து காலெடுத்து வெக்க, பெட்டி கூவெண்டு கத்திச்சி. பொறகு செத்துப் போச்சு. படமும் கறுப்பு.

குழாயத் தொட்டுக் கைய இழுத்தா. ஏசல்ல. "மூக்கச் செவருல அமத்தி, வாயில துணியப் போட்டிரிக்கிறீங்களே உம்மா."

நாப்பது வருசம் கருவாடு போட்டவ நான். வாடிக் கொட்டில் செவரோட ஒட்டி ஆராச்சும் மீன் போட்டா வெளக்குமாத்தால அடிப்பன். காத்து வந்தாப் போதாது, போகவும் எடம் வேணும், இல்லாட்டி மீன் வெந்து புழு வெச்சிரும். அந்த நானா இந்தக் கையால? இவளையும் பேத்தியையும் நானே பஸ் ஏத்தி அனுப்பப் போறனெண்டு நெனச்சிக்கிட்டே அந்தத் துணிய உருவி எடுத்தன்.

அவ பெட்டிய நடு ஊட்டுக்கு இழுத்தா. சூடு ஆறினதும் திரும்பப் போட்டா. பாதிப் படம் உள்ள மிஞ்சி இருந்திச்சி. கதவால மண்ணு வராம நான் பாயத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு நிண்டன், மறு பக்க ஜன்னலத் தொறந்து விட்டுட்டு. அஸர் பாங்கு சொல்லி முடிய முந்திப் படம் போய்ச் சேந்திட்டு. மருமகனுக்கு நாங்க மூச்சும் விடல்ல.

மூணு சோளகம், மூணு வருசம், என்னோட இருந்தா. வேலை நல்லாப் போச்சு, எவ்வளவு நல்லா எண்டா ஒப்பீஸே பெரிய வேலை தந்து கொழும்புக்கு வரச் சொல்லிட்டு. பெட்டியில கைய வெச்சிக்கிட்டு நிண்டு, "போகவா உம்மா?" எண்டா. வேணாமெண்டுதான் வாயில வந்திச்சி. அந்தக் கொதிச்ச குழாய் ஞாபகம் வந்திட்டு, போகவும் எடம் வேணும்தானே.

"போ புள்ள" எண்டன். சொன்னது நான்தானா எண்டு எனக்கே திடுக்கெண்டு போச்சு.

பெட்டிய மடியில வெச்சிக்கிட்டுப் பஸ்ஸில போனா. இப்ப அதுவும் இல்லையாம், மடிச்சித் தூக்கிற மெல்லிசு ஒண்டாம்.

இண்டைக்கு அலுமாரியத் திருப்பக்குள்ள பின்னால பேத்திட காலுறை ஒண்டு கெடந்திச்சி. கழுவிக் கொடியில போட்டன். சோளகத்தில சுருக்காக் காஞ்சிட்டு. ஆனா பெட்டிக் காத்தில காஞ்ச மாதிரியில்ல, உப்புப் புடிச்சி மொடமொடெண்டு இரிக்கி.