கார்டு பேசிய இந்தி

இரண்டு வருடங்களுக்கு முன், பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் காலை. நாமகிரிப்பேட்டையில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்தது இது. பாதிச் சம்பவம் சத்தீஸ்கரில், பெயரே கேள்விப்பட்டிராத ஒரு ஊரின் ஆஸ்பத்திரியில் நடந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தது என் கிரெடிட் கார்டு.

கார்டு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பெட்ரோலுக்குத் தள்ளுபடி, சினிமா டிக்கெட்டுக்குச் சலுகை என்று எல்லோரும் சொல்வதைத்தான் நானும் பயன்படுத்தி வந்தேன். ஒரு மழை நாளில் பொழுது போகாமல், வேறு என்னதான் தருகிறார்கள் பார்ப்போம் என்று வங்கியின் இணையப் பக்கத்தைக் கடைசி வரை படித்தேன். விமான நிலைய ஓய்வறை, புதிதாக வாங்கிய பொருள் திருடுபோனால் காப்பீடு, இதெல்லாம் தாண்டி அடியில் 'பயண உதவி' என்று ஒன்று. வெளியூரில் மாட்டிக்கொண்டால் மருத்துவரைக் கண்டுபிடித்துச் சொல்வார்களாம், அவசரச் செய்தியைக் கொண்டு சேர்ப்பார்களாம், மொழிபெயர்த்தும் தருவார்களாம். இதை யாராவது எப்போதாவது கேட்டிருப்பார்களா என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

"ஏனுங்க, இந்தக் கார்டு இருந்தா மொழிபெயர்ப்பெல்லாம் பண்ணித் தருவாங்களாமா" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"எதுக்கு? பக்கத்து ஊட்டுக்காரி பேசறது உனக்குப் புரியலையா?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

என் தங்கை அடுத்த தெருவில் இருக்கிறாள். அவள் கணவர் போர் வண்டியில் டிரில்லர். ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள் எங்கள் பக்கத்திலிருந்து வடக்கே போவதும், மழை பிடித்ததும் ஆட்கள் ஊர் திரும்புவதும் வருடா வருடம் நடப்பதுதான். ஒரு வண்டிக்கு ஒரு மேனேஜர் இருப்பார். தோட்டத்துச் சொந்தக்காரர்களிடம் இந்தியில் விலை பேசுவது அவர் வேலை. மற்றவர்களுக்குப் பைப்பை இறக்கு, ஏற்று, தண்ணீர் கொண்டு வா என்கிற அளவுக்கு இந்தி தெரிந்தால் போதும்.

அன்று காலை தங்கை போனைக் காதில் வைத்தபடியே ஓடி வந்தாள். அவள் கணவருக்கு முந்தின நாளிலிருந்து கடுமையான வயிற்று வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். குடல்வால் வீங்கியிருக்கிறது, உடனே அறுத்து எடுக்க வேண்டும் என்பது மட்டும் ஸ்கேன் படத்தைக் காட்டி டாக்டர் சைகை செய்ததில் புரிந்திருக்கிறது. ஆனால் ஏதேதோ கேள்வி கேட்ட பிறகு, இங்கே செய்ய முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கையைக் காட்டிவிட்டார். அது பல மணி நேரப் பயணம். வழியில் குடல்வால் வெடித்துவிட்டால்?

மேனேஜர் ஊர்க் கோயில் நோம்பிக்கு வந்துவிட்டு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தார், போன் கிடைக்கவில்லை. போனில் மொழிபெயர்க்கும் ஆப்பையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். அது சொன்னதை நம்பிக் கத்தியை எடுக்க டாக்டர் தயாராக இல்லை.

தங்கையிடமிருந்து போனை வாங்கினேன். மறுமுனையில், கூட வேலை செய்பவர்.

"டாக்டர் என்னங்க கேட்டாரு?"

"தெரியலீங்கக்கா. நாங்க ஹாங்ஜினு சொல்லிப்போட்டமுங்க."

"எதுக்கு ஹாங்ஜி?"

"எல்லாத்துக்குமேதானுங்க."

"புரியாம எப்படிங்க ஆமான்னு சொல்றது?"

"தொழில்ல அப்படியே பழகிப்போச்சுங்கக்கா. தோட்டத்துக்காரன் தண்ணி வருமாம்பான், ஹாங்ஜி. பாறை வந்தா ஒடையுமாம்பான், ஹாங்ஜி. வாய் தடுமாறுச்சுன்னா அடுத்த வண்டியக் கூப்புட்டுக்குவானுங்க."

சர்க்கரை இருக்கிறதா, இதய நோய் இருக்கிறதா, இப்போதுதான் சாப்பிட்டாரா என்று டாக்டர் கேட்டிருப்பார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றால் எந்த டாக்டர்தான் சின்ன ஊரில் வைத்து அறுப்பார்?

அப்போதுதான் கார்டு ஞாபகம் வந்தது. பின்பக்கத்து எண்ணை அழைத்து, இந்த எண்ணை அமுக்கு, அந்த எண்ணை அமுக்கு என்பதையெல்லாம் கடந்து ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்ந்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன். அந்தச் சேவை இருக்கிறது என்று அவருக்கே சட்டென்று நினைவில்லை போலிருந்தது. தேடிப் பார்த்து, இருக்கிறது என்றார். ஆனால் தமிழும் இந்தியும் தெரிந்தவரின் வேலை நேரம் அப்போதுதான் முடிந்ததாம், கிளம்பிக்கொண்டிருக்கிறாராம். கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை நான், தங்கை, வீட்டுக்காரர் மூன்று பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

"சொல்லுங்க மேடம்" என்று ஒரு ஆண் குரல். மூச்சு வாங்கியது. படியேறி வந்திருப்பார் போல.

விஷயத்தைச் சொன்னேன். நோயாளி உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். தங்கை கணவர் என்றேன்.

"கணவன், மனைவி, பிள்ளைங்க வரைக்கும்தான் மேடம் இதுல வரும்" என்றார்.

தங்கை என் முகத்தையே பார்த்தாள். போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது.

ஒரு நொடி கழித்து அவரே கேட்டார். "கார்டு உங்க பேர்லதானே? டாக்டர்கிட்ட நீங்கதானே பேசணும்னு கேக்குறீங்க?"

"ஆமாங்க. நான்தான் பேசோணும்."

"அப்ப நான் உங்களுக்குத்தான் மொழிபெயர்க்கிறேன். அந்த நம்பரைச் சொல்லுங்க."

ஆஸ்பத்திரியில் இருந்தவரின் போனும் எங்கள் அழைப்பில் சேர்ந்தது. டாக்டர் அவசரத்தில் இருந்தார், குரலிலேயே தெரிந்தது. மொழிபெயர்க்க வந்த அந்தத் தம்பி அவரிடம் இந்தியில் ஏதோ சொன்னார், ஹாங்ஜி கதையாகத்தான் இருக்கும். அந்தப் பக்கம் டாக்டர் சிரிக்கும் சத்தம். சிரித்து முடித்ததும் திட்டினார். அதைத் தம்பி மொழிபெயர்க்கவில்லை.

கேள்விகள் முதலிலிருந்து ஆரம்பித்தன. தங்கை கணவர் வலியில் பேசும் நிலையில் இல்லை. டாக்டர் இந்தியில் கேட்க, தம்பி தமிழில் கேட்க, கூட இருந்தவர்தான் பதில் சொன்னார்.

"இன்னைக்கு ஏதாவது சாப்பிட்டாரா?"

"இல்லீங்க. நேத்து மத்தியானத்துலேர்ந்து பச்சத் தண்ணி எறங்கலீங்க."

"சர்க்கரை?"

"இல்லீங்க."

"நெஞ்சு வலி, ரத்தக் கொதிப்பு?"

"இல்லீங்க."

"இதுக்கு முன்னாடி ஆபரேஷன்?"

"அதெல்லாம் இல்லீங்க."

திட்டு வாங்கியவர் அல்லவா, இப்போது 'இல்லீங்க' என்பது அவர் வாயில் வேகமாக வந்து விழ ஆரம்பித்திருந்தது.

"ஏதாவது ஊசி, மருந்து ஒத்துக்காம போயிருக்கா?"

"இல்லீங்க."

தம்பி அதை இந்தியில் சொல்லத் தொடங்கிவிட்டார்.

"இருக்குதுங்க! நிறுத்தச் சொல்லக்கா, இருக்குது!" என்று தங்கை கத்தினாள். "பல்லுப் புடுங்கப் போனப்ப ஊசி போட்டு ஒடம்பெல்லாம் தடிச்சு, மூச்சுத் திணறிப் போச்சு. பென்சிலின் ஆகாது, எங்க போனாலும் சொல்லோணும்னு டாக்டரு சொன்னாரு!"

"நில்லுங்க, நில்லுங்க" என்றார் தம்பி. அடுத்து அவர் இந்தியில் அவசரமாகப் பேசியதில் 'பென்சிலின்' என்ற ஒரு சொல் மட்டும் எங்களுக்குப் புரிந்தது. டாக்டர் அதைத் திருப்பிச் சொன்னார். பிறகு யாரிடமோ சத்தமாக ஏதோ உத்தரவு போட்டார். தயாராக எடுத்து வைத்திருந்த மருந்தை மாற்றச் சொல்கிறார் என்று தம்பி விளக்கினார்.

தங்கை அப்போதுதான் போய் அடுப்பை அணைத்தாள்.

யோசித்துப் பார்த்தால் இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது. முதலில் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றபோது அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவர்கள் சொன்ன பதில் சரி. எல்லாம் தெளிவாகப் புரிந்த பிறகு சொன்ன பதில்தான் தவறு. அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரே வண்டியில் படுத்து எழுந்தாலும், ஒருவருக்கு எந்த ஊசி ஆகாது என்பது மனைவிக்குத் தெரியும் அளவுக்குத் தோழனுக்குத் தெரியுமா?

ஆபரேஷனுக்குச் சம்மதமா என்று டாக்டர் கேட்டதையும், தங்கை சரி என்றதையும் தம்பியே இரண்டு பக்கமும் எடுத்துச் சொன்னார். மதியத்துக்குள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். வாரக் கடைசியில் தங்கை கணவரை ஊருக்கு அழைத்து வந்துவிட்டார்கள்.

தம்பிக்கு நன்றி சொல்ல நினைத்து அதே எண்ணை அழைத்தேன். ஊழியர் பெயர் தர விதி இல்லை என்றார்கள்.

"எங்க காட்டுல வெளைஞ்ச மஞ்சளாவது கொஞ்சம் அனுப்பறோம்னு கேளுக்கா" என்றாள் தங்கை. கேட்டேன். பேசியவர் சிரித்துவிட்டு, உங்கள் பாராட்டைப் பதிவு செய்துகொள்கிறோம் என்றார். பிறகு, சேவை எப்படி இருந்தது என்று மதிப்பெண் கேட்டு ஒரு குறுஞ்செய்தி வந்தது. போடக்கூடிய அதிகபட்சத்தைப் போட்டேன். அது மிகவும் குறைவாகத் தெரிந்தது.

இப்போது எங்கள் குடும்பத்தில் யாருக்குப் புதுக் கார்டு வந்தாலும் என்னிடம் கொடுத்து, இதில் என்ன இருக்கிறது பார் என்கிறார்கள், என் வீட்டுக்காரர் உட்பட. நானும் சலிக்காமல் படித்துச் சொல்கிறேன். ஆனால் சலுகை என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியைப் படிக்கும்போதும், அதன் மறுமுனையில் யார் உட்கார்ந்திருப்பார்கள், வீட்டுக்குக் கிளம்பிய பிறகும் நமக்காகப் படியேறி வருவார்களா என்றுதான் என் மனம் முதலில் யோசிக்கிறது.