பெயர் கேட்கும் படிவம்

ஹலோ அக்கா என்றால்தான் எங்கள் அலுவலகத்தில் அவளைத் தெரியும். சிறுகடன் கொடுக்கும் பதினெட்டு நிறுவனங்கள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கம் எங்களுடையது. கடன் வாங்கிய பெண்கள் குறை சொல்ல ஒரு தொலைபேசி உண்டு. அதற்குப் பணம் தருவது வெளிநாட்டு உதவி அமைப்பு. ஒன்பது வருடமாக அதை எடுப்பவள் அக்கா. பக்கத்து மேஜையில் கணக்கு எழுதுபவன் நான்.

இந்த வருடம் அழைப்புகள் குறைந்தன. வாரத்துக்கு நாற்பது வந்த இடத்தில் மூன்று. செயலாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. புகார்கள் குறைவதைக் காட்டும் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, உதவி அமைப்புக்கும் அனுப்பினார். அக்கா மட்டும் அதை நம்பவில்லை. பழைய எண்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். ஒரே ஒரு தையல்காரி பேசினாள்.

"உங்ககிட்ட சொன்ன மறுநாளே வசூல்காரங்க நாலு பேர் வீட்டுக்குள்ள வந்து உக்காந்துட்டாங்க. என் பேரு எப்படிங்க போச்சு?"

எப்படிப் போகும்? பெயரும் எண்ணும் போடாமல் கணினியில் படிவம் நகராது. போட்டால், விசாரித்துத் தீர்க்கச் சொல்லி, புகாருக்கு ஆளான நிறுவனத்துக்கே நேராகப் போய்விடும். இப்படி ஒரு ஏற்பாட்டை யோசித்தவன் கழுத்தில் மாலைதான் போட வேண்டும். அதை ஒன்பது வருடம் அனுப்பியது தன் கைதான் என்பது அக்காவுக்கு அன்று உறைத்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

மறுநாள் காலை ஒரு பெண் கூப்பிட்டாள். பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரம் பார்த்து வசூல்காரன் தனியாக வருகிறானாம்.

"நான்தான் சொன்னேன்னு தெரிஞ்சா என்னைச் சும்மா விட மாட்டாங்க அக்கா."

பழக்கதோஷம், அக்கா அவள் பெயரையும் தெருவையும் சத்தமாகத் திருப்பிச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன் பேரு வெளிய போகாதும்மா" என்றாள். படிவத்தில் வாயில் வந்த ஒரு பெயரைப் போட்டாள். பொய் எண்ணைக் கணினி ஏற்காது. தன் சொந்தக் கைபேசி எண்ணைக் கொடுத்தாள். நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

ஆறாம் நாள் அந்த நிறுவனத்தின் மேலாளர் வந்தார். சிரித்த முகம்.

"இந்தப் பேர்ல எங்ககிட்ட யாரும் கடன் வாங்கலையே" என்றபடி தன் கைபேசியில் எண்ணை அழுத்தினார். அக்காவின் கைப்பைக்குள் மணி அடித்தது.

"நிஜப் பேரு என்ன?"

"மறந்துபோச்சு" என்றாள் அக்கா.

"வேலை போயிடும்" என்றார் செயலாளர்.

"போகட்டும் சார்."

மேலாளர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "நீங்க பக்கத்து மேஜைதானே சார்? அக்கா சத்தமாப் பேசுவாங்களாமே."

எனக்கு வீட்டுக்கடன் இருக்கிறது. படிக்கிற பெண்கள் இரண்டு. அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

பெயரைச் சொன்னேன். அவர் கேட்காத தெருவையும் சொன்னேன்.