மேப்பிள் கன்றுக்கு வைத்த விருந்து

மொன்றியல் நகரின் பார்க் எக்ஸ்ரென்சன் பகுதியில் எள் ஆட்டி நல்லெண்ணெய் விற்கும் ரதீசன், கடைக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பமாட்டார். எண்ணெய் வாங்கப் போனவர்கள் வடையும் தேத்தண்ணியும் முடித்து, எண்ணெயை மறந்துவிட்டுத் திரும்பியதும் உண்டு.

வாசலில் நகரசபை நட்ட மேப்பிள் கன்றும் அவருக்கு விருந்தாளிதான். அதே குழியில் முன்னர் நட்ட இரண்டும் பட்டுப்போயின. இதுவும் பட்டால் குழியை மூடிச் சீமெந்து போட்டுவிடுவோம் என்று நகரசபை ஆள் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போனார். ரதீசனுக்கு அன்றிலிருந்து நித்திரை குறைவு.

புரட்டாசி வந்தது. சனிக்கிழமை விளக்குக்கு ஊரில் உள்ள தமிழர் எல்லோருக்கும் எள்ளெண்ணெய் வேண்டும். எண்ணெய் சனீஸ்வரனுக்குப் போக, புண்ணாக்கு மூட்டை மூட்டையாக ரதீசனுக்கு மிஞ்சியது. குப்பையில் போட மனம் வருமா? கன்றின் அடியில் ஒரு கை வைத்தார். கன்று வேண்டாமென்று சொல்லவில்லை. இன்னொரு கை வைத்தார். பிறகு ஒரு வாளி.

முதற் பந்தியில் அணில்கள் உட்கார்ந்தன. அடுத்த கிழமை இலைகள் மஞ்சளாகி விழுந்தன.

"இலையுதிர் காலமப்பா, எல்லா மரமும் கொட்டுது" என்றார் ரதீசன்.

"எதிர்ப்பக்க மரம் பச்சையாத்தானே நிக்குது?" என்றாள் மனைவி செல்வமலர். "மண்ணைத் தொட்டுப் பாருங்கோ, சுடுது. பச்சைப் புண்ணாக்கை இப்பிடிக் குவிச்சா வேர் அவியாதோ?"

"பசிக்குமெண்டு..."

"அதென்ன உங்கட மச்சானோ, திண்டுபோட்டு ஏவறை விட?"

அவளே எல்லாவற்றையும் வழித்தெடுத்து, சருகோடு பிசைந்து, பின்னறை வாளிகளில் மூடி வைத்தாள். "உக்கினாப் பிறகுதான் இது பசளை. அதுவரைக்கும் உங்கட மரம் விரதம்."

"தண்ணியாவது?"

"குடிக்கலாம்."

பனி வந்தது. மரம் செத்ததோ நித்திரையோ, மொன்றியலில் மே மாதம்வரை யாருக்குத் தெரியும்? ரதீசன் தினமும் காலையில் அதற்கு ஒரு 'பொன்ஜூர்' வணக்கம் வைத்தார். பிரெஞ்சு வகுப்பில் அவர் தேறிய ஒரே சொல் அது. பதில் வரவில்லை.

மே மாதம் ஒரு காலை, கிளை நுனியில் செம்மொட்டு.

"மலர்! ஓடி வாரும்!"

செல்வமலர் வாளியோடு வந்தாள். உள்ளே இருந்தது இப்போது கறுத்து, உதிரியாய், மழை பெய்த மண்போல மணத்தது. தண்டைத் தொடாமல் மெல்லிய வட்டமாகத் தூவினாள். "போதும்."

ரதீசன் நல்ல பிள்ளையாய்த் தலையாட்டினார். அவள் திரும்பி இரண்டு அடி வைத்தாள், நின்றாள்.

"மெய்யேப்பா, கையைக் காட்டுங்கோ."

விரித்தார். ஒரு பிடி பசளை.

"விரதம் முடிஞ்சுதெல்லோ..." என்றார்.

செல்வமலர் பாதியை எடுத்துக்கொண்டாள். மீதியைப் போட விட்டாள்.