குல்சும் அக்கா கேட்காத அறை

கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நான் அமரர் ஊர்தி ஓட்டுகிறேன். பேர் காளிச்சாமி. ஆஸ்பத்திரியின் பேர் எதற்கு, நாளைக்கும் அதே கேட்டுக்குள்தான் வண்டியை விட வேண்டும். நான் சொல்ல வந்தது உம்மல் குல்சும் அக்காவைப் பற்றி.

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் வேலையுமில்லை, சம்பளமுமில்லை. உக்கடம் பக்கம் ஒரு மாடியில் வாடகைக்கு இருந்துகொண்டு நைட்டி தைத்துக் கொடுப்பார். முஸ்லிம்கள் வழக்கப்படி இறந்த பெண்ணைப் பெண்கள்தான் குளிப்பாட்ட வேண்டும். அதற்கு எல்லோருக்கும் மனசு திடம் வராது. அக்காவுக்கு இருந்தது. போன் வந்தால் தையல் மெஷினை மூடிவிட்டு, குளிப்பாட்டும் தண்ணீரில் போட இலந்தை இலையும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்.

பழைய பிணவறைக்குப் பின்னால் ஓட்டுக்கூரை போட்ட அறை ஒன்று இருந்தது. ஒரு சிமெண்ட் மேடை, ஒரு குழாய், உள்ளே தாழ்ப்பாள் போடக் கதவு. அவ்வளவுதான். ஆனால் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு அதுதான் கதி. "பொணத்தை மட்டும் ஊட்டுக்குள்ள கொண்டாந்தறாதீங்க" என்று வீட்டு ஓனர்கள் மரியாதையாகச் சொல்லிவிடுவார்கள். மரியாதைக்கு எங்கள் ஊரில் என்ன பஞ்சம்! இந்துவோ முஸ்லிமோ, சொந்த வீடில்லாதவர்கள் கடைசித் தண்ணீரை அந்த அறையில்தான் ஊற்றினார்கள்.

ஒரு தடவை தொண்டாமுத்தூரில் யானை மிதித்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். சொந்தக்காரர்கள் ஒருவரும் கிட்டே வரவில்லை. பொறுத்துப் பார்த்த அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கழுவித் துடைத்து, தலை சீவி, துணி மூடிய பிறகு அந்தப் பெண்ணின் மகளைக் கூப்பிட்டார். "பயப்படாம வா கண்ணு. மொகம் நல்லாத்தான் இருக்குது." அந்த மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் போனாள். எனக்கு அக்கா மேல் பக்தி வந்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் ஆஸ்பத்திரியை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாகச் சொன்னார்கள். எங்களிடமும், அக்கா மாதிரி வந்துபோகிறவர்களிடமும் கருத்துக் கேட்கக் கூட்டம் போட்டார்கள். சைத்ரா என்று ஒரு பெண், கட்டடத்துக்கு வரைபடம் போடுகிற ஆர்க்கிடெக்ட், பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். நல்ல பெண்தான். உட்காராமல் ஒவ்வொருவரிடமும் மைக்கை நீட்டி, தெரிந்த தமிழில் கேட்டாள்.

என்னிடம் வந்ததும் நான் காட்டுக்கத்தலாகக் கத்தினேன். வண்டிகள் வெயிலில் வேகுது, ஷெட் வேணும், கழுவுவதற்குக் குழாய் வேணும், தண்ணீர் நல்ல வேகமாக வரணும். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

அடுத்து அக்கா எழுந்தார். "உங்களுக்கு என்ன வேணும் அம்மா?"

"எங்களுக்கென்னங்க வேணும். நீங்க பாத்துச் செஞ்சாச் செரிங்க."

"பின்னாடி இருக்கிற அந்த ரூம், அது மாதிரி வேணுமா?"

"அதுக்கெல்லாம் எதுக்குங்க உங்களுக்குச் செரமம்."

சைத்ரா சிரித்து, நன்றி சொல்லி, மைக்கை அடுத்தவரிடம் நீட்டிவிட்டாள். அக்கா உட்காரவில்லை. இன்னும் நின்றுகொண்டே இருந்தார்.

எங்கள் பக்கத்து ஆளாக இருந்தால் புரிந்திருக்கும். இங்கே யார் வீட்டுக்குப் போனாலும், சாப்பிடுங்க என்று சொன்ன உடனே இலையில் உட்கார மாட்டோம். "இல்லீங்க, இப்பத்தானுங்க" என்போம். வீட்டுக்காரர் மறுபடி கேட்க வேண்டும், கொஞ்சம் கோபித்துக்கொள்ளவும் வேண்டும். அதற்குப் பிறகுதான் கை நனைப்போம். முதல் தடவையே சரி என்றால் அலைகிறவன் என்று பேர். அக்கா இரண்டாவது தடவைக்காக நின்றார். அந்தப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

"அழுத புள்ளைக்குத்தானுங்க பாலு. வாயத் தொறந்து கேக்கறதில்லீங்களா?" என்று வெளியே வந்து நான் சத்தம் போட்டேன். "மறுக்கா கேப்பாங்கன்னு நெனச்சேனுங்க" என்றார்.

வரைபடத்தைப் பெரிய போர்டில் ஒட்டியபோது அந்த அறை இல்லை. அக்கா சைத்ராவைத் தேடிப் போய், இந்தத் தடவை சுற்றி வளைக்காமல் கேட்டார். அவள் முகம் வாடிப்போனது. "அன்னைக்கே கேட்டேனே அம்மா, வேண்டாம்னு சொன்னீங்க. இப்போ எல்லாம் சேங்ஷன் ஆயிடுச்சு." அவளும் மேலே பேசிப் பார்த்தாள். மேலே இருப்பவர்களுக்கு உயிரோடு இருப்பவர்களையே கவனிக்க நேரமில்லை.

கட்டி முடித்தார்கள். பிணவறை தரைக்குக் கீழே போனது. பளபளவென்று டைல்ஸ், வரிசையாகக் குளிர்பெட்டி. சொந்தக்காரர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கலாம். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற இடமில்லை. வெளியே எங்களுக்குப் புது ஷெட், நான் கேட்டபடியே.

திறந்து ஒரு மழைக்காலம் போவதற்குள் அக்காவின் ஒரே மகள் ரூபினாவை அதே ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். பவானியில் ஜமக்காளக் கடையில் வேலை பார்க்கும் சஹீருக்குக் கட்டிக்கொடுத்த பெண். மஞ்சள் காமாலை முற்றியிருந்தது. காப்பாற்ற முடியவில்லை.

பவானியில் அடக்கம் என்று முடிவானது. சஹீர் இருந்ததும் வாடகை வீடு, அக்கா இருந்ததும் வாடகை வீடு. இரண்டு ஓனர்களும் மரியாதையாகவே பேசினார்கள். கிளம்புவதற்கு முன்னால் குளிப்பாட்டியாக வேண்டும். அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். கடைசியில் அவர் கண் எங்கள் ஷெட்டில் நின்றது.

நாங்கள் வண்டிகளை வெளியே எடுத்தோம். வந்திருந்த பெண்கள் சுற்றிலும் சேலை பிடித்தார்கள். டிரைவர்கள் அத்தனை பேரும் முதுகைக் காட்டி வரிசையாக நின்றோம். பின்னால் வண்டி கழுவும் குழாயிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நல்ல வேகம். நான்தானே கேட்டு வாங்கினேன். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

எல்லாம் முடிந்து வெள்ளைத் துணி சுற்றினார்கள். அக்கா ஈரச் சேலையோடு ஷெட்டின் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். பவானி போய்ச் சேர நேரமாகும். காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எப்படியும் வேண்டாம் என்பார், இரண்டு மூன்று தடவை கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே கிட்டே போனேன்.

"அக்கா, ஒரு டீ கொண்டாரட்டுங்களா?"

"கொண்டாங்க" என்றார், நான் கேட்டு முடிப்பதற்குள்.