மதுரை ஏர்போர்ட்டை வீட்டுக்குள் ஏற்றிய கதை

பிள்ளைகளா, போன பொங்கலுக்கு அத்தை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் இருவரும் மாறி மாறி ஒரு கதை சொல்லிச் சிரிக்க வைத்தீர்கள். அப்பா கம்ப்யூட்டரில் மதுரை ஏர்போர்ட்டை ஏற்றப் போய்த் திணறிய கதை. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் உங்களுக்குத் தெரிந்தது பாதிதான். ஹாஸ்டலில் உட்கார்ந்து போனில் கேட்டது அவ்வளவுதானே. மீதியை நான் எழுதி வைக்கிறேன். படிக்கும்போது காரமாக இருக்கும். திட்டுவது உங்களை இல்லை, அந்தச் சொற்களை உண்டாக்கி ஊருக்குள் விட்டார்களே, அவர்களை.

அந்த வேலையில் நான் ஆசைப்பட்டு இறங்கவில்லை. உங்கள் சித்திக்குத் துபாயில் பிரசவம். அங்கே அவளுக்கு வீட்டுக்காரரை விட்டால் வேறு ஆள் கிடையாது. அம்மாதான் போக வேண்டும். டிக்கெட் போட்டாயிற்று, விசா வந்தாயிற்று, பிரசவ லேகியம்கூடக் கிண்டி டப்பாவில் அடைத்தாயிற்று. கிளம்புகிற வாரம் பார்த்து டிவியில் எங்கோ ஒரு விமானம் விழுந்ததைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டை அளைந்துகொண்டே அம்மா, போகவில்லை என்று சொல்லிவிட்டாள்.

நான் அதட்டியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். அவள் சொன்னது ஒன்றுதான்.

“தரைய விட்டு எப்படி எந்திரிக்குதுன்னு உள்ள இருந்து ஒரு தடவ பாத்துட்டேன்னா போயிருவேன். ஒண்ணும் தெரியாம கண்ணக் கட்டிக்கிட்டு ஏறச் சொன்னா எப்படிங்க?”

நியாயமான கேள்வி. உள்ளே ஏறாமல் உள்ளே இருந்து எப்படிப் பார்ப்பது? அப்போதுதான் தம்பி, நீ போனில் ஒரு யோசனை சொன்னாய். உன் அறையில் இருக்கிற கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற விளையாட்டு இருக்கிறது, அதில் பயணி உட்காருகிற சீட்டில் இருந்தே ஜன்னலைப் பார்க்கலாம், அம்மாவுக்குக் காட்டுங்கள் என்றாய். போட்டுக் காட்டினேன். மதுரை என்று தேடினால் ஒரு பொட்டல் வந்தது. நடுவில் ஒரு தார் ரோடு, ஓரத்தில் இரண்டு தகரக் கொட்டகை. காரியாபட்டி தாண்டி மதுரைக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் இருந்து அந்த ஏர்போர்ட்டைப் பார்க்கிறவள் அவள். “இது மதுரையா?” என்று கேட்டாள். வேறு ஊர் விமான நிலையத்தைக் காட்டினேன். கண்ணாடிக் கட்டடமும் புல்தரையுமாகப் பளபளவென்று இருந்தது. “அது எந்த ஊரோ. நான் ஏறப்போறது மதுரையில” என்று எழுந்து போய்விட்டாள்.

நிஜ மதுரை ஏர்போர்ட் மாதிரியே ஒருவர் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார், அதை இறக்கி ஏற்றினால் போதும் என்றாய். அதற்குப் பெயர் ஆட்-ஆன். ஐந்து நிமிட வேலை என்றும் சொன்னாய். அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இறக்குவதில் தகராறு இல்லை. இறங்கியதை எங்கே வைப்பது? அதற்கு அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. ‘சிமுலேட்டரின் ரூட் டைரக்டரியில் உள்ள ஸீனரி ஃபோல்டரில் ஃபைலை வைத்து, அதன் பாத்தை லைப்ரரியில் ஆட் செய்து ஆக்டிவேட் செய்யவும்.’ இங்கிலீஷில் இருந்ததைப் போனே தமிழாக்கிக் கொடுத்தது இது. இதைத் தமிழ் என்று சொல்கிற போனுக்கு வெட்கம் இல்லை. டைரக்டரி, ஃபோல்டர், பாத், ரூட், லைப்ரரி என்று சொல் சொல்லாக உன்னிடம் விசாரித்தேன். கடைசியில் பார்த்தால் ஒரு பெட்டி, அந்தப் பெட்டி இருக்கிற இடம், இந்த இரண்டைத் தவிர அதில் வேறு சரக்கே இல்லை. இரண்டு விஷயத்துக்கு ஐந்து பெயர் வைத்தால் படித்தவன் என்று ஆகிவிடுமா? நான் லோடு வண்டி ஓட்டுகிறவன், பத்தாவதோடு நின்றவன். என் வண்டியில் ஜாக்கி என்றால் எல்லா நாளும் ஜாக்கிதான். காலையில் ஜாக்கி, மத்தியானம் வேறு பெயர் என்று மாற்றிக்கொண்டிருந்தால் எவன் டயர் மாட்டுவான்?

சரி, நல்ல தமிழில் யாராவது எழுதியிருப்பார்கள் என்று தேடினேன். இருந்தது. ‘மூல அடைவினுள் உள்ள கோப்புறையில் நிறுவுக.’ எனக்குத் தெரிந்து ஊரில் நிறுவுவது சிலையைத்தான், அதற்கும் தலைவர் ஒருவர் வந்து திறக்க வேண்டும். எழுதியவர் தமிழுக்குச் சேவை செய்திருக்கிறார், சரிதான். எனக்கு ஒரு சேவையும் செய்யவில்லை.

பிறகு ஒரு வீடியோ. நம்ம பக்கத்துப் பையன் போலத்தான் முகம். “ஸோ ஃப்ரெண்ட்ஸ், ஜிப்ப எக்ஸ்ட்ராக்ட் பண்ணி, ரூட்ல பேஸ்ட் பண்ணி, என்ட்ரிய எனேபிள் பண்ணிருங்க. அவ்ளோதான், சிம்பிள்.” பண்ணுவது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. எதைப் பண்ணுவது, எங்கே பண்ணுவது என்பதெல்லாம் அவனுக்கும் அவன் ஃப்ரெண்ட்ஸுக்கும் உள்ள ரகசியம். அந்த ‘சிம்பிள்’ என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. சுலபமாக இருக்கிற வேலையை எவனும் சுலபம் என்று சொல்லிக்கொண்டு திரிவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ரீட்மீ என்று ஒன்று. படி என்று பெயரிலேயே சொல்கிறானே, இதில் நிச்சயம் இருக்கும் என்று திறந்தேன். யார் யாருக்கோ நன்றி. அனுமதி இல்லாமல் விற்றால் வழக்கு என்று மிரட்டல். எங்கே வைப்பது என்பதற்குக் கடைசியில் ஒரு வரி, ‘வழக்கம்போல் இன்ஸ்டால் செய்யவும்.’ வழக்கம்போலவாம். வழக்கம் இருக்கிறவன் எதற்கு இதைத் திறந்து பார்க்கப் போகிறான்?

இனி நீங்கள் சிரித்த இடத்துக்கு வருகிறேன். அந்த ஜிப் ஃபைலை நான் பிரிக்காமல் அப்படியே கொண்டுபோய் வைத்தேன், விளையாட்டைத் திறந்தால் அதே பொட்டல். இதைச் சொல்லித்தானே அத்தை வீட்டில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்?

நான் ஏன் பிரிக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அருப்புக்கோட்டையில் தறிக்காரர்களுக்கு நூல் மூட்டை ஏற்றுகிறவனுக்கு ஒரு முறை இருக்கிறது. மூட்டையை எந்தத் தையலோடு ஏற்றினோமோ அந்தத் தையலோடு இறக்க வேண்டும். தெற்குத் தெருவில் ஒரு பெரிய தறிக்காரர் இருக்கிறார். மூட்டை இறங்கியதும் புரட்டிப் புரட்டித் தையலைத்தான் பார்ப்பார். வீட்டு ஆட்களிடம் தெலுங்கில் ஏதோ சொல்வார், பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் “சரி, உள்ள வைங்க” என்பார். ஒரு இழை பிரிந்திருந்தாலும் அந்த மூட்டை வாசலைத் தாண்டாது, அந்த டிரைவருக்கு அடுத்த லோடும் கிடையாது. இத்தனை வருடத்தில் அடுத்தவன் மூட்டையை நான் வழியில் பிரித்ததில்லை. அந்த ஃபைலைப் பார்த்தால், வாயில் ஜிப் போட்டு மூடிய பை மாதிரி படம். அடுத்தவர் செய்து கட்டிக் கொடுத்த சரக்கு. உள்ளே சரியாக இருக்கிறதா என்று இரண்டு தட்டுத் தட்டித் திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தது. போலீஸ்காரர் கேட்டால் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டிவிட்டு மூடுவதில்லையா, அது மாதிரி மூடி, சொன்ன இடத்தில் வைத்தேன். ஃபைலை வைக்கவும் என்றுதானே அந்தப் பக்கத்தில் இருந்தது? வைத்தேன். தப்பு யாருடையது?

தம்பி, நீ போனில் “எக்ஸ்ட்ராக்ட் பண்ணுங்கப்பா, எக்ஸ்ட்ராக்ட்” என்று அதையே சத்தமாகச் சொன்னாய். புரியாத சொல்லைச் சத்தமாகச் சொன்னால் புரிந்துவிடும் என்று உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? தூரத்தில் இருந்தே இந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து நானே சரிசெய்கிறேன் என்றாய். அதற்கும் முதலில் நான் ஒன்றை இன்ஸ்டால் செய்ய வேண்டுமாம். அந்த இடத்தில்தான் போனை வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் என்று தெரியும்.

பாப்பா, அதன் பிறகு நீ கூப்பிட்டாய். என்ன செய்தேன் என்று முழுக்கக் கேட்டாய். மூட்டை முறையையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் சொன்னாய்.

“நீங்க டிரைவராவே நிக்கிறீகப்பா. லோடு எறங்கிருச்சு. இப்ப நீங்கதான் தறிக்காரரு. மூட்டையப் பிரிச்சாத்தான நூலு தறிக்குப் போகும்?”

அவ்வளவுதான் விஷயம். இணையத்தில் எழுதிவைத்தவர்களில் ஒருவருக்காவது இதைச் சொல்ல வாய் வந்ததா? பிரித்தேன். பிரித்தால் ஒரு பெட்டி, அதற்குள் அதே பெயரில் இன்னொரு பெட்டி. வெளிப்பெட்டியை வைத்தால் விளையாட்டுக்குத் தெரியாதாம், உள்பெட்டியைத்தான் வைக்க வேண்டுமாம். அப்புறம் எதற்கு வெளியே ஒன்று? அதையும் நீ சொல்லச் சொல்ல மாற்றினேன். வைத்த இடத்தை விளையாட்டுக்குக் காட்டி, பக்கத்தில் இருந்த கட்டத்தில் டிக் அடித்தேன். இந்த டிக்குக்குத்தான் ஆக்டிவேட், எனேபிள் என்று அவ்வளவு பகட்டு.

விளையாட்டு திறந்தது. மதுரைக்கு வெளியே பெருங்குடிப் பக்கம் பார்க்கிற அதே ஏர்போர்ட் கட்டடம் அச்சாக நின்றது. வாசல், கோபுரம், சுற்றுச்சுவர் எல்லாம். அடுப்படியில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தவள், “ஆமா, இதுதான்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அடுத்து நடந்ததுதான் உங்கள் இருவருக்கும் தெரியாதது.

ஏற்றுவதைப் பற்றியே யோசித்த எனக்கு, ஓட்டத் தெரிய வேண்டும் என்பது தோன்றவில்லை. லோடு வண்டி ஓட்டுகிறவன்தானே, இது என்ன என்று ஒரு எண்ணம். ஜன்னல் சீட்டில் இருந்து தெரிகிற மாதிரி வைத்து, வேகத்துக்கு உள்ள பொத்தானை அமுக்கினேன். கட்டடம் பின்னால் ஓடியது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வேகம் கூடியது, தரை முடிந்துகொண்டே வந்தது, விமானம் எழும்பவில்லை. மூக்கைத் தூக்குவதற்குத் தனிப் பொத்தான் உண்டு என்பதை ‘வழக்கம்போல்’ எழுதியவர் சொல்லவில்லை. நான் பிரேக் என்று நினைத்து எதையோ அமுக்கினேன். சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு வெளியே போய் நின்றது. விமானம் நொறுங்கியது என்று திரையில் சிவப்பு எழுத்து. அதை மட்டும் எல்லோருக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தார்கள்.

துபாய் டிக்கெட் அந்த இடத்திலேயே கிழிந்தது என்று நினைத்தேன். அங்கே ஒருத்தி நிறைமாதமாக, அக்கா வருவாள் என்று காத்திருக்கிறாள். பயத்தைப் போக்குகிறேன் என்று சொல்லி, அம்மாவுடைய பயம் எதுவோ அதையே கண்ணுக்கு நேராக நடத்திக் காட்டிவிட்டேன். திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. தோளில் இருந்த கையை அவள் எடுக்கவில்லை.

“இத ஓட்டுனது நீங்கதான?”

“ஆமா.”

“அங்க ஓட்டப்போறது நீங்க இல்லேல்ல?”

“இல்ல. அதுக்குன்னு படிச்சவுக இருக்காக.”

“அப்பச் சரி. நான் போறேன்.”

பிறகு சிரித்தாள் பாருங்கள், அந்த வாரம் முழுக்கச் சேர்த்து வைத்தது எல்லாம் வந்தது. சிவப்பு எழுத்தைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள். திரும்ப முதலில் இருந்து வைக்கச் சொல்லி, ஓட்டாமல் நிற்கிற விமானத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. எழுந்து போய், போகவில்லை என்றபோது வெளியே எடுத்து வைத்த லேகிய டப்பாவைத் திரும்பப் பயணப் பெட்டிக்குள் வைத்தாள்.

போகிற அன்று கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் என்னை நிறுத்திவிட்டார்கள். உள்ளே போனவள் ஒரு தடவை திரும்பி, கையை ஸ்டியரிங் பிடிப்பது போல வைத்து, வேண்டாம் என்று ஆட்டிக் காட்டினாள். பக்கத்தில் நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். இப்போது மேலே ஏறியிருப்பாள் என்று கணக்குப் பண்ணியபோது கம்ப்யூட்டரைப் போட்டேன். பாப்பாவிடம் கேட்டு வைத்திருந்த அந்த மூக்கைத் தூக்குகிற பொத்தானை, தரை முடிவதற்கு முன்னால் அமுக்கினேன். எழும்பியது. சுவர் கீழே போயிற்று, ரோடு கீழே போயிற்று, நம் பக்கத்துக் கரிசல் காடெல்லாம் பச்சையாகத் தெரிந்தது. விளையாட்டைச் செய்தவன் நம் ஊருக்கு வந்து பார்த்ததில்லை. இறக்குவது எப்படி என்று நான் கேட்டு வைக்கவில்லை. நிறுத்தி வைக்கிற பொத்தானை அமுக்கி, விமானத்தை அப்படியே மேலே நிற்க விட்டுவிட்டு, உலை வைக்கப் போனேன்.