வாஷ்பேசினுக்குப் பக்கத்துக் கட்டில்

சோப்பு சிஸ்டர் என்றால்தான் அந்த ஆஸ்பத்திரியில் தெரியும். சொந்தப் பெயர் சம்பள ரசீதில் மட்டும் இருந்தது. குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமைச் செவிலி. குட்டையான உருவம், உரத்த குரல், ஓயாமல் கழுவியதில் விரல் இடுக்குகளில் வெடித்துப்போன தோல். கதவைத் தள்ளிக்கொண்டு யார் உள்ளே வந்தாலும் முகத்தைப் பார்க்கமாட்டார், கையைத்தான் பார்ப்பார்.

பெரிய டாக்டரையே ஒருமுறை வாசலில் நிறுத்தினார்.

"டாக்டர், அந்தக் கை இப்பத்தான் போனைக் கொஞ்சிட்டு வந்திருக்கு. குளிப்பாட்டிக் கூட்டிட்டு வாங்க."

"நான்தான் சிஸ்டர் இந்தப் பிரிவுக்கே தலைவர்."

"கிருமிக்கு அது தெரியாதே டாக்டர்."

டாக்டர் சிரித்துக்கொண்டே கழுவப் போனார்.

வீட்டிலும் இதே கதைதான். கணவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். நகக்கண்ணில் ஏறிய கிரீஸ் எதற்கும் மசியாது. சாப்பிட உட்கார்ந்த மனிதரை எழுப்பி மறுபடி கழுவ அனுப்புவார். "ஊருல இருக்கற எல்லாத்தையும் கழுவுறா, என்னை மட்டும் இன்னும் கைகழுவாம வச்சிருக்கா" என்று கணவர் முணுமுணுத்தபடி எழுந்து போவார். ஒரே மகள் குடிநீரும் கழிவுநீரும் படித்துப் பொறியாளரானாள். "உங்கம்மா சோப்புத் தண்ணி எங்க போய்ச் சேருதுன்னு பார்க்கவே ஒரு படிப்பா?" என்று அதற்கும் ஒரு கிண்டல்.

முன்பு அந்தப் பிரிவுக்கு ஒரே ஒரு வாஷ்பேசின், அதுவும் வாசலுக்கு வெளியே. ஒரு குழந்தையைத் தொட்டுவிட்டு அடுத்த குழந்தைக்கு ஓடும் அவசரத்தில் யார் வெளியே போய்க் கழுவிவிட்டு வருவார்கள்? உள்ளேயே ஒன்று வேண்டும் என்று சிஸ்டர் கேட்டார். நிர்வாக அதிகாரி ஆகட்டும், பார்க்கலாம் என்று நாளைக் கடத்தினார். சிஸ்டர் மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டுபோய் அந்த அதிகாரியின் அறை வாசலில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். தினமும். தன் சோறு இறங்காமல் போய் அதிகாரி கையெழுத்துப் போட்டார். முழங்கையால் திறக்கும் நீளக் கைப்பிடியோடு வெள்ளைப் பீங்கான் வாஷ்பேசின் மூன்றாவது கட்டிலை ஒட்டி வந்தது. பொருத்திய அன்று எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். கழுவிக் காட்டிய பிறகுதான்.

அதன்பின் குழந்தைகளுக்குக் காய்ச்சல் குறைந்தது உண்மை. அதனால் அவராகவே ஒரு வழக்கம் வைத்தார். இருப்பதிலேயே நலிந்த குழந்தைக்கு மூன்றாவது கட்டில். கழுவின கை முதலில் தொடும் இடம் அதுதானே என்பது அவர் கணக்கு. நர்ஸுகள் அதை ராஜா கட்டில் என்றார்கள்.

இன்னொரு வழக்கமும் அவர் வைத்ததே. மூக்குக் குழாய் வழியாகக் குழந்தைக்குக் கொடுத்தது போக மிஞ்சிய பால், குளுக்கோஸ், ஊசியில் தங்கிய மருந்து எதுவும் குப்பைத்தொட்டிக்குப் போகக்கூடாது, எறும்பு வரும். வாஷ்பேசினில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும்.

வருடங்கள் போயின. ராஜா கட்டிலில் சில குழந்தைகள் காய்ச்சல் கண்டு இறந்தார்கள். மிகவும் முடியாத பிள்ளைகளையே அங்கே போட்டதால் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

பிறகு அந்தப் பையன் வந்தான். இரண்டு வயது, நிமோனியா. அவன் அம்மாவுக்குத் தையல் ஆலையில் வேலை. மூத்த பெண்ணைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரியே கதியாகக் கிடந்தாள். பையன் தேறிக்கொண்டிருந்தான். செயற்கைச் சுவாசத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். அப்போது ராஜா கட்டில் குழந்தை தேறி வேறு வார்டுக்குப் போனது.

"சிஸ்டர், என் பையனை அந்தக் கட்டிலுக்கு மாத்துங்களேன்."

"எதுக்கும்மா? இவன் இன்னும் ரெண்டு நாள்ல டியூபைப் புடுங்கி என்னையே அடிப்பான். அது ரொம்ப முடியாத பிள்ளைக்கு."

"அங்கதான் அடிக்கொரு தரம் யாராவது வந்து எட்டிப் பார்க்கறாங்க. நானும் கவனிச்சுட்டுத்தான் இருக்கேன்."

"கை கழுவ வர்றாங்கம்மா."

"வந்தவங்க திரும்பிப் பார்க்காமலா போவாங்க? இவன் மூலையில கிடக்கான் சிஸ்டர். கட்டில் சும்மாத்தானே இருக்கு. உங்க பிள்ளைன்னு நினைச்சுக்கங்க."

சிஸ்டர் இடுப்பில் கைவைத்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, எடு உன் பையை. வேற முடியாத பிள்ளை வந்தா மாத்திடுவேன். அப்ப சண்டைக்கு வரக்கூடாது."

பக்கத்தில் நின்ற பெரிய டாக்டர் சிரித்தார். "சிபாரிசு பலமா இருக்கே சிஸ்டர்."

ஒரு வாரத்துக்குள் பையனுக்குக் காய்ச்சல் ஏறியது. ரத்தத்தில் க்ளெப்சியெல்லா என்ற கிருமி. எல்லோர் குடலிலும் சாதுவாகக் கிடக்கும் வகைதான். ஆனால் இது ஆஸ்பத்திரியிலேயே வளர்ந்தது. பரிசோதனைத் தட்டில் மருந்து வில்லைகளை வைத்தால் ஒவ்வொன்றைச் சுற்றியும் கிருமி வளராத வெற்று வட்டம் விழ வேண்டும். விழவில்லை. வில்லையின் விளிம்புவரை வளர்ந்திருந்தது. கடைசியாக மிஞ்சிய மருந்தையும் ஏற்றினார்கள். அது பையனின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. கிருமியை ஒன்றும் செய்யவில்லை.

சிஸ்டர் பிரிவையே உலுக்கினார். "யாரோ கழுவல. யாருன்னு இப்பவே சொல்லிடுங்க." சின்ன நர்ஸ் ஒருத்தி, "சத்தியமா கழுவினேன் சிஸ்டர்" என்று அழுதேவிட்டாள். பரிசோதனைக் கூடத்திலிருந்து லேப்காரர் வந்து எல்லோர் கையிலும் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தார். சிஸ்டர்தான் முதலில் கையை நீட்டினார். எல்லாக் கைகளும் சுத்தமென்று முடிவு வந்தது.

முடிவைச் சொல்ல வந்த லேப்காரர், அந்தச் சின்ன நர்ஸ் மிச்சப் பாலை வாஷ்பேசினில் ஊற்றுவதைப் பார்த்து நின்றார்.

"இதுலயா ஊத்தறீங்க?"

"சிஸ்டர் சொல்லிக்கொடுத்ததுதான் சார். எறும்பு வரும்ல."

அவர் பையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து வடிகால் துளைக்குள் விட்டுச் சுழற்றினார்.

அந்தக் குச்சிக்கு முடிவு வருமுன்பே பையன் போய்விட்டான். பகல் வேளை, ஜன்னல் முழுக்க வெயில். சிஸ்டர் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து, பிளாஸ்திரி ஒட்டிய தடத்தை எண்ணெய் தொட்டுத் துடைத்து, சட்டை போட்டுவிட்டு அம்மா கையில் கொடுத்தார். சட்டை அவனுக்குப் பெரிதாகியிருந்தது.

மறுநாள் முடிவு வந்தது. அதே கிருமி, அதே குணம்.

வடிகாலின் வளைவில் வழுவழுவென்று ஒரு படலம் பிடித்திருந்தது. பாலும் குளுக்கோஸும் அதற்குத் தீனி. மிஞ்சிய மருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றப்பட்டு, மருந்துக்குச் சாகாமலிருக்க அதைப் பழக்கியது. படலம் மெல்ல மேலேறித் துளைவரை வந்துவிட்டது. குழாய்த் தண்ணீர் நேராகத் துளையில் விழ, திவலை தெறித்தது. ஒவ்வொருவரும் கை கழுவும்போதெல்லாம்.

சிஸ்டர் வீட்டுக்குப் போய் மகளைக் கேட்டார்.

"தண்ணி அப்படி எவ்வளவு தூரம்டி தெறிக்கும்?"

"ஒரு கை நீளம். அதுக்கு மேலயும் போகும்மா. ஏன், கட்டில் எவ்வளவு தூரத்துல இருந்துச்சு?"

சிஸ்டர் முழங்கையை மடித்துக் காட்டினார்.

வாஷ்பேசினைப் பெயர்த்தெடுத்துச் சுவரைப் பூசினார்கள். மிஞ்சிய பாலுக்கு மூடியுள்ள வாளி வந்தது. பையனின் அம்மாவிடம் என்ன சொல்வது என்ற கேள்வி மட்டும் நின்றது.

"கிருமித் தொற்றுன்னு சொல்லியாச்சு சிஸ்டர். அது பொய் இல்லையே" என்றார் பெரிய டாக்டர்.

"முழுசாவும் இல்லையே டாக்டர். எங்கிருந்து வந்துச்சுன்னு பெத்தவளுக்குத் தெரிய வேண்டாமா?"

இறப்புச் சான்றிதழ் வாங்க அவள் வந்தபோது, சிஸ்டர் அவளைக் காத்திருப்போர் பெஞ்சில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். எது எதற்கோ தயாராகத்தான் போயிருந்தார். அடிப்பாள், கத்துவாள், மயங்கி விழுவாள்.

அவள் மெதுவாகக் கேட்டாள். "அந்தக் கட்டிலா சிஸ்டர்?"

"ஆமாம்மா."

"நான் கேட்டு வாங்கின கட்டிலா?"

இதற்கு சிஸ்டர் தயாராகப் போகவில்லை. உண்மையைச் சொல்லப் போனவர், அது யார் மேல் போய் விழப்போகிறது என்று யோசிக்கவே இல்லை. அவள் முகம் நிறம் மாறிக்கொண்டிருந்தது.

"மூலையிலயே விட்டிருந்தா இருந்திருப்பானா?"

"ஏம்மா, நீ கேட்டா நான் கொடுத்தேன்?" சிஸ்டரின் குரல் பழைய உரத்த குரலுக்கு ஏறியது. "அன்னிக்குக் காலையிலயே மாத்தறதா முடிவு பண்ணிட்டேன். நீ வந்து கேட்டதும் சும்மா பிகு பண்ணிக்கிட்டேன், அவ்வளவுதான். பெத்தவங்க கேட்டு இங்க யாருக்கும் கட்டில் மாறினதில்ல. நீ கேட்டாலும் கேட்காட்டியும் அவன் அங்கதான் படுத்திருப்பான்."

"நிஜமாவா?"

"நான் வச்ச கட்டில்மா அது. நான் கேட்டு வாங்கின குழாய்."

அவள் பெஞ்சிலிருந்த தன் பையை எடுத்துக்கொண்டாள். பிறகு எழுந்தாள்.

"அப்ப நீதான். உன்னைப் போய் சாமி மாதிரி நம்பினேனே. நீ விளங்குவியா?"

சிஸ்டர் ஒப்புக்கொள்வதுபோல் தலையை ஆட்டினார்.

அவள் புகார் கொடுத்தாள், விசாரணை நடந்தது. கட்டிலை மாற்றச் சொன்னது யார் என்று கேட்டார்கள். நான்தான் என்றார் சிஸ்டர். யாரும் கேட்டுக்கொண்டார்களா? இல்லை. எதிரே இருந்த பெரிய டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். சிஸ்டர் அவரைப் பார்த்த பார்வையில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடிப்பதற்குள் அந்தக் கேள்வி தாண்டிப் போய்விட்டது.

அவரைத் துணிக்கிடங்குக்கு மாற்றினார்கள். சலவைக்குப் போய்வரும் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கும் வேலை. குழந்தைகள் பிரிவின் கதவு வழியாக அதன்பின் அவர் போகவில்லை.

கணவருக்குத்தான் ஆறவில்லை. "அவ கேட்டுத்தானே கொடுத்தே? டாக்டரே என்கிட்ட சொன்னாரு. எதுக்குடி இப்படி வாயாலயே வம்பை வாங்கிக்கிட்டே?"

"அவளுக்கு இன்னொரு பொண்ணு இருக்கு. அதை வளர்க்க வேணாமா?"

"நமக்கும்தான் ஒரு பொண்ணு இருக்கு."

"நம்ம பொண்ணு வளர்ந்துட்டா."

மகள் அடுத்த அறையில் இருந்தாள். வெளியே வரவில்லை.

ஓய்வு பெறுமுன்பே சிஸ்டர் நெஞ்சுவலியில் போய்விட்டார். அதற்குச் சில மாதங்கள் முன்பு, விரிப்பு மூட்டை வண்டியைத் தள்ளிக்கொண்டு புறநோயாளிகள் கூடத்தைக் கடக்கும்போது அந்த அம்மாவைப் பார்த்தார். கூடவே பள்ளிச் சீருடையில் மகள், லேசான இருமல். அம்மா சிஸ்டரைக் கண்டதும் பெண்ணைச் சட்டென்று தன் மறுபக்கத்துக்கு இழுத்துக்கொண்டாள். அவள் உதடு அசைந்தது. என்ன வார்த்தை என்று கேட்கவில்லை. வேகமாகக் கடந்து போனார்கள். பெண் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது சிஸ்டர் அதைச் சொன்னார். அவள் திட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"பொண்ணுக்குத் தலை நல்லா வாரி இறுக்கிப் பின்னியிருக்கா. சட்டை தேய்ச்சுப் போட்டிருக்கா. ஷூவுக்குப் பாலிஷ். சும்மா இருமலுக்கே வேலையை விட்டுட்டுக் கூட்டிட்டு வந்திருக்கா பாரு" என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.